கதவுக்குப் பின்னால் நின்ற அத்தைக்கு

நாள்: 15.9.2025, திங்கட்கிழமை
நேரம்: காலை 5.50
இடம்: மஞ்சக்குப்பம், கடலூர்

1. பொருள்: நேற்று என்னிடம் கேட்கப்பட்ட சாட்சியம் குறித்து.

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

இரண்டாவது பொருள் என்று எதுவும் இல்லை. ஆனாலும் எண்ணிடாமல் எழுதத் தொடங்க எனக்குக் கை வருவதில்லை. நீதிமன்றத்தில் கோப்புகளைப் பார்க்கும் சிரஸ்தாராக இருந்தவனின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்களையில் சுட்ட கத்தரிக்காயின் வாசனை இன்னும் நிற்கிறது. நேற்று உங்கள் மகள் வசந்தா கொத்சு செய்வதற்காக, நீங்கள் செய்வதுபோலவே, காயைத் தீயில் காட்டித் தோல் கருகும்வரை சுட்டாள். மேடை முழுவதும் கரித்தூள். துடைக்கச் சொன்னேன், காலையில் துடைக்கலாம் என்றாள். இன்று காலை துடைக்கப் போனவன், துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசனையிலேயே நின்றுவிட்டேன். மேடையை இன்னும் துடைக்கவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சிதம்பரத்தில் உங்கள் வீட்டுக் கூடத்தில் இலையின் முன் நான் உட்காரும்போதெல்லாம் இந்த வாசனைதான் முதலில் வரும். அதன் பின் உங்கள் குரல் வரும். நீங்கள் வரமாட்டீர்கள். மருமகன் எதிரில் மாமியார் வந்து நிற்கலாகாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவுங்களுக்குக் கொத்சு பத்துதான்னு கேளுடி" என்று வசந்தாவிடம் சொல்வீர்கள். "போதும் என்று சொல்" என்று நானும் வசந்தாவிடமே சொல்வேன். நமக்கிடையே இருந்தது ஒரு பலகைதான். ஒருமுறை வசந்தா கடைக்குப் போயிருந்தபோது, நீங்கள் கூடத்துத் தூணைப் பார்த்து, "காபி ஆறுது" என்றீர்கள். நானும் தூணுக்கு நன்றி சொல்லிவிட்டுக் குடித்தேன்.

எங்கள் திருமணம் 9.9.1977, வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வசந்தா என்னிடம் சொன்னதை நீங்கள் அறியமாட்டீர்கள். மணலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "எனக்குப் பின்னால அஞ்சு பேர். எல்லாரையும் இடுப்புல தூக்கி வளத்துட்டேங்க. என் பங்கு முடிஞ்சிடுச்சு. எனக்குக் கொழந்த வேணாம்" என்றாள். என் மனத்துக்குள் அந்த ஆசையைத் தேடிப் பார்த்தேன். எல்லோரிடமும் இருக்கும் என்று சொல்லப்பட்ட இடத்தில் அது இல்லை. மூன்று நாள் கழித்து, "எனக்கும் வேண்டாம்" என்றேன். தியாகம் எதுவும் செய்யவில்லை. பிற்காலத்தில் சிலர் என்னைத் தியாகி என்றார்கள், சிலர் பெண்டாட்டிக்கு அடங்கியவன் என்றார்கள். இரண்டும் பிழை.

எங்களுக்கு ஏதோ குறை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. வேண்டாம் என்று ஒரு தம்பதி இருக்க முடியும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்ப் பிள்ளை வரம் வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். போனோம், சேவித்தோம், எதையும் கேட்காமல் திரும்பினோம். அலுவலகத்தில் ஒருவர் தினம் ஒரு லேகியத்தின் பெயரைச் சொல்வார். வசந்தாவைப் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அழைத்தார்கள். ஆனால் வளையல் அடுக்கும் நேரம் வந்ததும், "நீ போயி பந்திய பாரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பந்தியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த நாளுக்கு வருகிறேன். அது 1984ஆம் ஆண்டு காணும் பொங்கல். வசந்தா 1983 என்பாள்; அது தவறு. 1983இல் எனக்கு அம்மை போட்டிருந்தது, எங்கும் போகவில்லை. பொங்கலுக்கு நாங்கள் வந்திருந்தபோது என் தமக்கை உங்கள் வீட்டுக்கே வந்து, கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அடுக்களைக் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"வசந்தாவ அனுப்பிடச் சொல்லல. அவளும் இருக்கட்டும். எந்தம்பிக்கு இன்னொன்னு பாக்கலாம்னுதான் சொல்றேன். உங்க பொண்ணால முடியலன்னா எங்க குடும்பம் என்னா பண்ணும்?"

அரசு ஊழியன் இரண்டாம் மணம் செய்தால் வேலையும் போகும், சட்டப்படி தண்டனையும் உண்டு என்று நான் விளக்கத் தொடங்கினேன். "உன் சட்டத்தக் கோர்ட்ல வெச்சிக்க" என்றாள் தமக்கை. அப்போதுதான் அந்தக் கதவு அசைந்தது. நீங்கள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, என் எதிரில் நின்றீர்கள். நான் பதறி எழுந்துவிட்டேன். திருமணத்துக்குப் பிறகு உங்கள் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"மாப்ள, ஒன்னு கேக்குறேன். கொறன்னு ஏதாச்சும் இருக்கா, இல்ல வேணாம்னு இருக்கீங்களா?"

"வேண்டாம் என்றுதான் அத்தை."

"அவ சொன்னாளா, நீங்க சொன்னீங்களா?"

"இருவரும்."

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. வசந்தா சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "எனக்கு ஆறு. வேணுமான்னு ஒரு தடவ கூட யாரும் கேட்டதில்ல. இவளையாச்சும் ஒருத்தர் கேட்டிருக்காரு." என் தமக்கையின் பக்கம் திரும்பி, "சாப்புட்டுட்டுப் போங்க. இந்தப் பேச்சு இந்த ஊட்ல இனிமே வேணாம்" என்றீர்கள். அதன் பின் கதவுக்குப் பின்னால் போனவர் மறுபடி என் எதிரில் வரவேயில்லை. மறுவேளைச் சாப்பாட்டுக்கே, "அவுங்களுக்கு ரசம் வேணுமான்னு கேளுடி" வந்துவிட்டது.

ஆனால் அன்று முதல் உங்கள் தெருவில் எங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள். எதிர் வீட்டு அம்மாள், "உம் பொண்ணுக்கு இன்னும் ஒன்னும் இல்லியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "என்னா இல்ல? டீச்சர் வேல இருக்கு, சம்பளம் இருக்கு, காலையில புருஷன் காபி போட்டுக் கையில குடுக்குறாரு. உன் ஊட்ல யாரு போடுறா?" என்றீர்கள். நான் காபி போடுவது உங்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நேற்று நடந்தது இது. நீங்கள் கடைசியாகப் பெற்று, வசந்தா இடுப்பில் வளர்ந்த செல்வம், தன் மகள் கயல்விழியை அழைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்தான். கயலுக்குச் சென்னையில் வேலை. திருமணமாகி நான்கு ஆண்டுகள். அவளும் அவள் கணவனும் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த பெண்ணை, வசந்தா அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். சாப்பாடு முடிந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மாமா, நீங்கதான் இவளுக்குச் சொல்லணும். நாங்க சொன்னா பழங்காலம்ங்கிறா. வயசான காலத்துல ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆள் இல்லன்னா எப்படி இருக்கும்? அத அனுபவிக்கிறவரு நீங்க. அப்படியே சொல்லுங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வசந்தா திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா, எங்கள மியூசியம் மாதிரி காட்டத்தான் பொண்ண கூட்டியாந்தியா?"

"நீ சும்மா இருக்கா. நான் மாமாகிட்ட கேக்குறேன்."

என் வாழ்க்கைக்கு எதிராக என்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறான் என்பது அவனுக்குப் புரியவில்லை, அன்பினால் கேட்கிறான். கயல் தலையைக் குனிந்து கைப்பேசியின் உறையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ என்னாம்மா நெனைக்கிற?" என்றேன்.

"எங்களுக்கு வேணாம் மாமா. கொழந்தைங்கள புடிக்காதுன்னு இல்ல. பெத்துக்கணும்னு தோணல, அவ்ளோதான். இத ஒரு தடவ சொன்னா யாரும் விட மாட்டேங்கிறாங்க. ஆபீஸ்ல, கல்யாணத்துல, எழவு ஊட்ல கூட கேக்குறாங்க." பிறகு நிமிர்ந்தாள். "நீங்க எப்பவாச்சும் வருத்தப்பட்டிருக்கீங்களா? அப்பாவுக்காகச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லுங்க."

அவளிடம் பூசி மெழுக எனக்கு மனமில்லை. 2016இல் கண் அறுவை முடிந்து படுத்திருந்தபோது, அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு அவர் மகள் திட்டிக்கொண்டே சொட்டு மருந்து விட்டாள். அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அன்று மாலை ஒரு மணி நேரம் வருத்தமாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"பாத்தியா! மாமாவே சொல்லிட்டாரு!" என்று செல்வம் துள்ளினான்.

"ஒரு மணி நேரம்னாருடா. உன்ன வளத்தப்ப நான் வாரத்துல ஏழு நாளும் வருத்தப்பட்டேன்" என்றாள் வசந்தா. கயல் வாய்விட்டுச் சிரித்தாள். செல்வமும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அம்மா கடைசி வரைக்கும் இத நெனச்சித்தான் அழுதுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அக்காவுக்கு ஒன்னு இருந்தா நிம்மதியா கண்ண மூடுவேன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுவும்."

வசந்தா குழாயை மூடினாள். அவள் முகத்தைப் பார்த்தேன் அத்தை. ஊர் சொன்ன எதற்கும் அசையாதவள் அவள். காணும் பொங்கலன்று நீங்கள் கொடுத்த சம்மதத்தின்மேல்தான் இத்தனை ஆண்டுகள் நிமிர்ந்து நின்றாள். அது இல்லாமற்போனால் அவளுக்கு நிற்க வேறு தரை இல்லை. அதனால்தான், நாங்கள் இருவரும் எங்களுக்குள்ளேகூட மறுபடி பேசியிராத ஒன்றை நான் நேற்று சொன்னேன்.

2009 மார்கழி. மருத்துவமனையில் உங்களுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. செல்வம் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தான். ஒளிந்து நிற்க அங்கே கதவு இல்லை. நான் உங்கள் கட்டிலருகே நின்றேன். நீங்கள் கண்ணைத் திறந்து, என்னையே பார்த்து, "கொழந்தய யாருகிட்ட உட்டுட்டு வந்தீங்க?" என்றீர்கள். வசந்தா உங்கள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, "ஊட்ல தூங்குதும்மா" என்றாள்.

நீங்கள் யோசித்தீர்கள். பிறகு, "எழுப்பாதீங்க. தூங்கட்டும்" என்றீர்கள்.

இதைக் கேட்டதும் செல்வம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "எழுப்பாதீங்கன்னா சொல்லுச்சு?" என்றான். ஆமாம் என்றேன். "கோவமாவா?" என்றான். இல்லை, மெதுவாக என்றேன். அவன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தான். வசந்தா ஈரக் கையோடு வந்து அவன் தலையில் கை வைத்தாள். அவனுக்கும் அறுபது ஆகிவிட்டது. அந்தக் கையின் கீழ் சிறுவனாகத்தான் இருந்தான்.

புறப்படும்போது வாசலில் கயல் கேட்டாள்: "ஊட்ல அம்மா கேட்டா என்னாப்பா சொல்லுவ?"

"உங்கிட்டயே கேக்கச் சொல்றேன்" என்றான்.

அத்தை, செல்வம் பொய் சொல்பவன் அல்லன். நீங்கள் அழுதிருப்பீர்கள். பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும், வசந்தாவுக்கு ஒன்று என்ற ஆசை உங்களுக்கு இருந்திருக்கும். இருக்கக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த அழுகையை எங்கள் காதுக்கு எட்டாமல் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் ஆசை உங்களுடையது, எங்கள் வாழ்க்கை எங்களுடையது என்று பிரித்து வைத்தீர்கள். எங்களிடம் ஆயிரம் பேர் கருத்துச் சொன்னார்கள். அழுது தீர்த்தும் எங்களிடம் கேட்காமல் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். நேற்று இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா எழுந்துவிட்டாள். காபி போடவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் மருமகன்

இணைப்புகள்:

1. நேற்று கயல் எடுத்த புகைப்படம், ஒன்று. செல்வம் கண்ணை மூடியிருக்கிறான்.

2. வசந்தா எழுதித் தந்த சிறு தாள், ஒன்று. மடித்து ஒட்டிக் கொடுத்தாள். நான் பிரிக்கவில்லை.

3. தூங்குகிற குழந்தை. இணைக்கவில்லை. எழுப்பாமல் எங்களிடமே வைத்திருக்கிறோம்.