கொரியாக் கிழவரின் பெயர்

போன வாரம் உன் மனைவி உன்னுடைய பழைய ராணுவக் கோட்டு ஒன்றைத் துணிப்பையில் சுருட்டி எடுத்து வந்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வீடு முழுக்க அந்துருண்டை நாற்றம். பெட்டிக்குள் வைத்தேன், பரணில் போட்டேன், போகிற வழியாக இல்லை. மார்கழிக் காலைப் பூசைக்கு இதை மாட்டிக்கொண்டு நீ பாலக்கரைத் தெருவில் நடந்து வருவாய். பால்காரர் முதல் எல்லோரும் சிரிப்பார்கள். திருச்சியில் எவனுக்கடா கோட்டு வேண்டும் என்று நானும் கேலி செய்திருக்கிறேன். "அந்த ஊர்க் குளிரு இன்னும் எலும்புல இருக்குடா" என்பாய். சரி, மறுபடியும் கொரியாவை ஆரம்பித்துவிட்டான் என்று நான் அலுத்துக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தை நீ உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்க வேண்டும். அப்போது துணிச்சல் இல்லை. இப்போதும் துணிச்சலால் எழுதவில்லை. படிக்க நீ இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். கோழைத்தனத்திலும் ஒரு தொடர்ச்சி வேண்டும் அல்லவா.

கொரியாவில் சண்டை நின்ற பிறகு, அங்கே பிடிபட்ட கைதிகளைக் காவல் காக்க நம் நாட்டிலிருந்து பட்டாளம் போனது. நீயும் போனாய். திரும்பி வந்தபோது பனி எப்படி இருந்தது, பெண்கள் எப்படி இருந்தார்கள் என்றெல்லாம் ஊர் கேட்டது. நீ பேசியது ஒரே ஒரு ஆளைப் பற்றி. ஐம்பது வயது தாண்டிய கைதி. எல்லாக் கைதிகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வடக்கே போகிறாயா தெற்கே போகிறாயா என்று கேட்டார்களாம். அவர் இரண்டும் வேண்டாம் என்றாராம். வேறு எந்த நாடு வேண்டும் என்று அதிகாரி கேட்க, "நாங்கள் கேட்ட நாடு" என்றாராம். அதிகாரிக்குப் புரியவில்லை. கிழவரை மறுபடி கூடாரத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஷாங்காயில் வெள்ளைக்காரன் அச்சகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். உன் இங்கிலீஷும் அந்த லட்சணம்தான். முள்கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு அந்த அரைகுறை இங்கிலீஷில் அவர் தன் கதை முழுவதையும் உனக்குச் சொல்லியிருக்கிறார். ஜப்பான்காரன் நிலத்தை அளக்க வந்தானாம். குறித்த நாளில் காகிதம் எழுதிக் கொடுக்காதவனுக்கு நிலம் இல்லையாம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு நிலம் போனது. குடும்பம் ஆற்றைக் கடந்து மஞ்சூரியாவுக்குப் போனது. அங்கே ஓடி வந்த கொரிய விவசாயிகளெல்லாம் சேர்ந்து கிராமம் கிராமமாகத் தாங்களே கூடிப் பேசி, தாங்களே பள்ளிக்கூடம் வைத்து, தாங்களே நெல் மில் வைத்து நடத்தினார்களாம். மணியக்காரன் கிடையாது, தாசில்தார் கிடையாது. ஜப்பானை விரட்டிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ராஜாவை உட்கார வைக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. அதை முன்னின்று நடத்தியவரை அந்த மில்லிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் ஜப்பான்காரன் இல்லை, இன்னொரு கொரியாக்காரன். அதைச் சொல்லும்போது மட்டும் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றாய்.

பிறகு ஷாங்காய், வெடிகுண்டு, பத்து வருஷம் ஜெயில். ஜப்பான் தோற்று நாட்டுக்கு விடுதலை வந்தது. வந்த சுருக்கில் நாட்டை இரண்டாக வெட்டினார்கள். தெற்கே இருந்தவனுக்கு இவர் கலகக்காரர், வடக்கே இருந்தவனுக்கு இவர் துரோகி. சண்டையில் வடக்குப் பட்டாளம் மூட்டை தூக்க இழுத்துக்கொண்டு போனது, தெற்குப் பட்டாளம் கைதியாகப் பிடித்தது. கடைசியில் தை மாதப் பனியில், ஆஸ்பத்திரிக் கூடாரத்தில், நுரையீரல் போய்ச் செத்தார்.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம் நீ சூப் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் தன் பெயரை உன்னைச் சொல்லச் சொன்னார். நீ சொன்னது சரியில்லை என்று பத்துத் தடவை சொல்ல வைத்தார். தனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, இரண்டு நாட்டிலும் தன் பெயரை எவனும் சொல்ல மாட்டான், வருஷத்துக்கு ஒருமுறை நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல் என்று கேட்டார். நீ கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாய்.

அந்தச் சத்தியத்தை எடுத்துக்கொண்டு நீ என்னிடம் வந்தாய். வேறு யாரிடம் போவாய்? ஒன்றாகப் படித்தவன், அதோடு மாதா கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம், அவரவர் வீட்டு மரித்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்; கல்லறைத் தோட்டத்தில் நின்று அதை உரக்க வாசிப்பது என் வேலை. அந்தச் சீட்டோடு இதையும் சேர்த்துக்கொள் என்றாய். சீட்டை நீட்டிக்கொண்டே அந்தப் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் காட்டினாய்.

நான் சிரித்தேன். அந்தப் பெயரின் ஓசைக்குச் சிரித்தேன். அதற்குப் பிறகு என் எதிரில் அந்தப் பெயரை நீ வாயால் சொன்னதே கிடையாது. 'கிழவர்' என்றுதான் சொல்வாய்.

ஞானஸ்நானம் வாங்கினவரா என்று கேட்டேன், இல்லை என்றாய். சாமி உண்டு என்றாவது சொல்பவரா என்று கேட்டேன், அதுவும் இல்லை என்றாய். "அவரு அராஜகவாதிடா, எந்த சர்க்காரும் வேணாம்ங்கிற கட்சி" என்று ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி பெருமையாகச் சொன்னாய். பொன்மலை ஒர்க்ஷாப்பில் சிவப்புக் கொடி பிடிப்பவன் வீட்டுக் கல்யாணத்துக்கே சாமியார் போக யோசித்த காலம் அது. குண்டு போட்டவன் பெயரைக் கல்லறையில் நின்று வாசித்தால் என் வேலை என்ன ஆகும்? நான்கு பெண் குழந்தைகள் எனக்கு. சாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. மறுநாள் உன்னிடம், சாமியார் சரி என்றுவிட்டார் என்று சொன்னேன்.

முதல் இரண்டு வருஷம் அந்த நாளில் உனக்குப் பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஷிப்ட் இருந்தது. வாசித்துவிட்டாயா என்று கேட்டாய், ஆயிற்று என்றேன். மூன்றாவது வருஷம் நீயே வந்து முன்னால் நின்றுவிட்டாய். உன் மனைவி வழக்கம்போலத் தன் அம்மா கல்லறைக்கு மணப்பாறை போயிருந்தாள். ராணுவத் துப்பாக்கியில் பாதி போன உன் காது பாய்லர் ஷாப் சம்மட்டியில் முக்கால்வாசி போயிருந்தது. ஆகவே நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தோணியம்மாள், சவரிமுத்து, ஞானப்பிரகாசம் என்று நாற்பது ஐம்பது பெயர் போனது. நீ கண்ணை எடுக்கவே இல்லை. அப்போது நான் அதைச் செய்தேன். வாயைத் திறந்து, சத்தமே வராமல், ஏதோ ஒரு பெயருக்கு அசைக்கிற மாதிரி உதட்டை அசைத்தேன். பின்னால் நின்றவர்கள் நான் மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நீ தலையை ஆட்டினாய், சிலுவை போட்டுக்கொண்டாய், கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

அப்படியே பதினோரு வருஷம். நல்ல பழக்கம் வரத்தான் நாளாகும். சீட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தவுடன் படிக்காமலே தனியாக எடுத்துக் கிழித்துவிடுவேன். கல்லறைக்குப் போனால் நாற்பது பெயருக்குப் பிறகு ஒருமுறை உதட்டை அசைப்பேன். பயம்கூட விட்டுப்போயிற்று.

ஒரே ஒரு வருஷம் வாசித்துவிடலாம் என்று நினைத்தேன், தெரியுமா? ஆடி அமாவாசை, ஆற்றில் புதுத் தண்ணீர் பார்க்க நீயும் நானும் ஸ்ரீரங்கம் போயிருந்தோம். அம்மா மண்டபப் படித்துறையில் தர்ப்பணம் செய்து வைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயங்காரிடம் நீ போய், சொந்தக்காரர் இல்லாத ஆளுக்கு உங்களில் என்ன செய்வீர்கள் என்று ஊர் கேட்கக் கேட்டாய். எனக்கு மானம் போயிற்று. அவர் கோபிக்கவில்லை. "யாருமே இல்லாதவாளுக்கும் ரெண்டு கை ஜலம் உண்டு, ஸ்வாமி. கோத்ரம் தெரியலேன்னா காச்யப கோத்ரம்னு சொல்லிடறது" என்றார். உனக்குக் கேட்கவில்லை, நான்தான் உன் காதருகே கத்தித் திருப்பிச் சொன்னேன். "அவருக்குக் கோத்திரமெல்லாம் வேணாம், பேரு போதும். அதான் நீ வாசிக்கிறியே" என்று என் தோளில் தட்டினாய். அந்தத் தட்டலில் நான் கூனிப்போனேன். இந்த நவம்பரில் வாசித்தே தீருவது என்று அந்தப் படியில் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

அந்த முடிவு டவுன் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரைகூடத் தாங்கவில்லை. காது கேட்காதவனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. நீ ஆரம்பித்துவிட்டாய். "கிழவரு என்ன சொன்னாரு தெரியுமா? ஜப்பான்காரன் போயிட்டான், அவன் வச்ச போலீஸ்காரன் அதே ஸ்டேஷன்ல அதே நாற்காலியில உக்காந்திருக்கான்னாரு. போகப்போக அந்தப் போலீஸ்காரனும் தேவையில்ல, நாப்பது வருஷம் அடக்கி வச்சா ஒவ்வொருத்தனும் தனக்குத்தானே போலீசாயிடுவான்னாரு." முன் சீட்டில் இருந்த போலீஸ்காரர் திரும்பினார். உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருங்க இவரு? எந்த யூனியன்?"

"யூனியன்லாம் இல்லீங்க. காது கேக்காது. கொஞ்சம் மண்டையும் சரியில்லீங்க."

அவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நீ என்னவென்று கேட்டாய். டிக்கெட் எங்கே என்று கேட்கிறார் என்றேன். நீ சட்டைப்பையைத் தடவி டிக்கெட்டை எடுத்து அந்த முதுகுக்கு நீட்டினாய். அந்த நவம்பரிலும் நான் உதட்டைத்தான் அசைத்தேன்.

இந்தச் சித்திரையில் உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டில் இருபது கட்டில். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பெரிசா கிழிக்கலடா. ஆனா அந்தக் கிழவருக்குக் கொடுத்த வாக்கு மட்டும் உன்னால நின்னுச்சு" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன்னிடம் சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும், இருபது கட்டிலும் கேட்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் சட்டைப்பையில் பேனா இருந்தது. உன் தலைமாட்டில் மருந்துச் சீட்டு இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் எழுதிக் காட்டினேன். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

உன்னைப் புதைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் காலத்துச் சாமியார் இப்போது ஓய்வில் இருக்கிறார், கண் சரியாகத் தெரியாது. அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் மாட்டேன் என்றுதானே சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பாரம் அவர் தலையில் இறங்கிவிடும், அதற்காகத்தான் போனேன்.

"என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. நீங்க கேக்கவே இல்லையே, உபதேசியாரே" என்றார்.

ஆக, யாரும் தடுக்கவில்லை. சாமியார் தடுக்கவில்லை, போலீஸ் தடுக்கவில்லை, சர்க்கார் தடுக்கவில்லை. ஜப்பான்காரனால் முடியாததை, இரண்டு கொரியாவும் சேர்ந்து முடிக்காததை, பாலக்கரையில் ஒரு உபதேசியார் ஒற்றை ஆளாக முடித்து வைத்தான்.

இந்த வருஷம் வாசித்துவிடுவது என்று புறப்பட்டேன். இப்போது பூசையே தமிழில் நடக்கிறது. புதுச் சாமியார் சின்ன வயது, எந்தப் பெயரையும் வாசியுங்கள் என்கிறார். சீட்டை எழுத உட்கார்ந்தால் பெயர் வரவில்லை. 'கிம்' என்று ஆரம்பிக்கும், அது நிச்சயம். அந்த ஊரில் தெருவுக்கு நூறு கிம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு இரண்டு துண்டு உண்டு. பதின்மூன்று சீட்டு என் கைக்கு வந்தது. முதல் சீட்டைத் தவிர எதையும் நான் படிக்கவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காப்பி கொடுத்தாள். உன் பழைய நோட்டு, கடிதம் ஏதாவது உண்டா என்று சுற்றி வளைத்தேன். ராணுவக் காகிதமும் ரயில்வே காகிதமும் தவிர ஒன்றும் இல்லை என்றாள். உன்னைப் போல எதையும் எழுதி வைக்காத மனிதனை நான் பார்த்ததில்லை. கடைசியில் நேராகவே கேட்டேன், அந்தக் கொரியாக்காரர் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்கதானே வருஷா வருஷம் வாசிச்சீங்க."

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். இன்னும் ஒன்பது நாளில் கல்லறைத் திருநாள். உன் பெயரைத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பேன். அதற்கு அடுத்து அவர் பெயர் வர வேண்டும். உலகத்தில் நீ ஒருவன்தான் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவன், நீ மண்ணுக்குள் இருக்கிறாய். என்னிடம் மிஞ்சியது 'கிம்' மட்டும்தான். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, மீதிப் பெயர் தெரியாமல், உன் கல்லறைக்கு எதிரில் வாயைத் திறந்தபடி நிற்கப்போகிறேன்.