குவாலா கிராய் கல்யாணத்துக்கு ஒரு விமானம்

5 மே 1996, ஞாயிறு

மழை விட்டதும் ஜாசின் பசாருக்குப் போய் நெத்திலி வாங்கி வந்தேன். இடுப்பு வலி இன்றைக்குக் கொஞ்சம் தேவலை. மருமகள் தேவமலர் சமையலை முடித்துவிட்டு நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்வதைத் திருத்தாமல் எழுதுகிறவள். பெருவிரல் ரேகை வைத்தே எழுபத்திரண்டு வயதை ஓட்டியவனுக்கு அது போதும்.

மத்தியானம் கணேஸ்வரன் காரில் வந்தான். எங்கள் ரப்பர் தோட்டத்து டிராக்டர் டிரைவர் மகன். இப்போது பாயா ரும்புட்டில் பெரிய வீடு, கான்ட்ராக்டர். உட்காரும் முன்பே சொல்லிவிட்டான்.

"பெரியப்பா, மீனம்மா அத்தை பேத்திக்கு அடுத்த மாசம் கல்யாணம். கிளந்தான் குவாலா கிராய்ல. நம்ம தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் பார்க்கணும்னு அத்தை சொல்லிச்சாம். பஸ்ஸுல பன்னெண்டு மணி நேரம், உங்களுக்கெல்லாம் தாங்காது. பிளேன் பிடிச்சிட்டேன். பிரைவேட் ஜெட். பத்து பெரண்டாம் ஏர்போர்ட்ல ஏறுனா கோத்தா பாருல இறக்கி விட்டுடுவான். பதினெட்டு சீட்டு, எனக்கு ஒண்ணு, மிச்சமெல்லாம் நம்ம கிழடுங்களுக்குத்தான்."

எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். சிரித்தான். "அத்தை பால் குடிச்சு வளர்ந்தவன் நான்."

அது உண்மை. அவன் அம்மா ராஜம்மா காய்ச்சலில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என் தங்கை மீனம்மா ஒரு பக்கம் தன் பிள்ளை, ஒரு பக்கம் இவன் என்று வைத்துப் பால் கொடுத்தாள்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காபி ஆறிப்போனது.

8 மே, புதன்

மீனம்மாவைப் பார்த்து முப்பத்து மூன்று வருடம்.

அறுபத்து மூன்றில் வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றது. ஆளுக்கு ஒரு திசை. அவள் புருஷனுக்குக் கிளந்தானில் வேலை கிடைத்தது. அப்பா அம்மா இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. அவள் போவது எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "போனா அப்படியே போயிடு. செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே."

லாரி காலை ஏழு மணிக்குக் கிளம்பியது. நான் ரப்பர் பால் நிறுக்கும் பால் ஸ்டோருக்குப் பின்னால் நின்றேன். அவள் கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் நின்றாள். பச்சைக் கைலி, என் பழைய சட்டை. வளைவு திரும்பும் வரை நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் பக்கம் திரும்பவே இல்லை. நான் அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பால்வெட்டில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஆறாம் நம்பர் காட்டில் தன் மர நிரையை முடித்துவிட்டு என் நிரைக்கு வந்து நாற்பது மரம் வெட்டிக் கொடுப்பாள். "அண்ணே, நீ மரத்தை வெட்டுறியா, அதுகிட்டக் கெஞ்சுறியா?" என்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

16 மே, வியாழன்

கணேஸ்வரன் டெலிபோன் செய்தான். விமானக் கம்பெனிக்கு எல்லாருடைய பேரும் எடையும் வேண்டுமாம். சின்ன விமானம், இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்களாம். என் எடை கேட்டான். எழுபத்தைந்து என்றேன்.

17 மே, வெள்ளி

குவாலா கிராயிலிருந்து டெலிபோன். மீனம்மா பேச வேண்டுமாம். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

26 மே, ஞாயிறு

விமானக் கம்பெனி கணக்குப் பார்த்துவிட்டது. எடை கூடிப்போய்விட்டதாம். மூன்று பேர் இறங்க வேண்டும்.

கணேஸ்வரன் என் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "யாரை வேணாம்னு சொல்றது பெரியப்பா? எல்லாருமே நாந்தான் முதல் ஆளுன்னு நிக்கிறாங்க."

"என் பேரை முதல்ல எடுத்துடு" என்றேன்.

"நீங்க கூடப் பொறந்த அண்ணன்! உங்களை விட்டுட்டு—"

"கனமான ஆளு நான். எடுத்துடு."

அவன் போனபிறகு மனசு லேசாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது? பழியும் என் மேல் விழாது, விமானத்தின் மேல் விழும்—

இங்கே தேவமலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமா, நீங்க எழுபத்தஞ்சு கிலோவா? போன மாசம் கிளினிக்ல அம்பத்தொண்ணுன்னு எழுதுனது யாருக்கு?"

மாட்டிக்கொண்டேன். சொல்லித்தான் ஆகவேண்டும். ஜப்பான்காரன் சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த காலம். மாசம் பிறந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் எல்லாரையும் தராசில் ஏற்றுவார். எடை குறைந்தவன் பால்வெட்டுக்கு லாயக்கில்லை என்று புல்வெட்டுக்கு அனுப்புவார்கள். பாதிச் சம்பளம். அதனால் எல்லாரும் மடியில் கத்தி தீட்டும் கல்லைக் கட்டிக்கொண்டுதான் தராசில் ஏறுவோம். பெண்கள் முந்தானையில் இரண்டு கல்கூட வைப்பார்கள். அன்றைக்கிருந்து யார் எடை கேட்டாலும் கூட்டித்தான் வாயில் வரும். குறைத்துச் சொன்னால் பேர் வெட்டிவிடுவான் என்று உள்ளே ஒரு பயம்.

தேவமலர் சிரிக்கவில்லை. "அப்போ மத்த பதினேழு பேரும்?" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை.

"சரி மாமா, எடை விஷயம் பழக்கம். பேரை எடுக்கச் சொன்னீங்களே, அது என்ன பழக்கம்?"

இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

2 ஜூன், ஞாயிறு

ஜாசினில் அப்துல் கஃபார் மளிகைக் கடையில் வெங்காய மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது. தேவமலரும் கணேஸ்வரனும் பேசி எல்லாரையும் அங்கே வரவழைத்துவிட்டார்கள். மஸ்ஜித் தானாவிலிருந்து தம்புசாமி, மலாக்காவிலிருந்து நாலு பேர், பாயா ரும்புட்டிலிருந்து ஒரு வேன். காலையிலேயே கடை வாசல், தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக்களம் மாதிரி ஆகிவிட்டது. பேர் கூப்பிடும்போது இரண்டு பேர் பழக்கத்தில் "ஆஜர்" என்று கத்தினார்கள்.

எண்பது கிலோ என்று சொல்லியிருந்த தம்புசாமி ஐம்பத்தெட்டு.

"தராசு கெட்டுப்போச்சு கஃபாரு."

"தராசு நல்லாத்தான் இருக்கு அண்ணே. நீங்கதான் கெட்டுப்போயிட்டீங்க."

நான் ஐம்பத்தொன்று. தம்புசாமி சும்மா விடுவானா? "டேய் ரங்கசாமி, ஒன்னைப் பிளேனுக்குள்ள ஏத்த வேணாம்டா. ரெக்கையில கட்டி விட்டாப் போதும்."

ராஜம்மா என்னைவிடக் கனமாக ஐம்பத்து மூன்றில் நின்றாள். குச்சி மாதிரி இருப்பவள். கணேஸ்வரனுக்கு நம்பிக்கை இல்லை. "அம்மா, முந்தானையை அவுருங்க." அவிழ்த்தால் கஃபார் கடையின் இரண்டு கிலோ எடைக்கல் நாலு!

"குறைச்சா எறக்கி விட்டுடுவீங்கன்னு பயந்தேன்டா" என்றாள். கடையே அதிர்ந்தது. கஃபார் மனைவி கரீமா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டிப் பார்த்தால் பதினெட்டுப் பேரும் போகலாம். சீர்ப் பலகாரமும் போகலாம்.

சாக்கும் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் கணேஸ்வரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "பெரியப்பா, அத்தைக்குக் கண்ணு ரெண்டும் போயி மூணு வருஷம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யார்கிட்ட நான் ரோஷம் காட்டிக்கிட்டு இருந்தேன்? என்னை இனிமே பார்க்கவே முடியாத ஒருத்திகிட்டயா?

7 ஜூன், வெள்ளி

தேவமலர் நோட்டை என் பையில் வைத்துவிட்டாள். "அங்க யாராவது எழுதுவாங்க மாமா. உள்ளதைச் சொல்லுங்க." நான் போகிறேன்.

8 ஜூன், சனி. குவாலா கிராய்

எழுதுவது மீனம்மாவின் மருமகள் புனிதா. எழுத்து சின்னதாக இருக்கும் என்று சொல்லச் சொல்கிறாள்.

விமானத்தைப் பார்த்ததும் தம்புசாமி நின்றுவிட்டான். "ஜெட்டுன்னியேடா கணேஸு, ரெண்டு பக்கமும் காத்தாடி தொங்குது?"

"ஜெட்டு எறங்க இங்க ரன்வே பத்தாது மாமா. இதுக்கே ஆபீஸ்ல எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா?"

கிளம்பியதும் ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கீழே பார்த்தேன். ஆற்று வளைவை வைத்து எங்கள் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். ஆறாம் நம்பர் காடு இருந்த இடத்தில் வரிசை வரிசையாகச் சிவப்பு ஓட்டு வீடுகள். "நான் கட்டுனது" என்றான் கணேஸ்வரன், மெதுவாக. பால் ஸ்டோர் இருந்த மேடு மட்டும் வெறுமனே கிடந்தது. மேகம் வந்து மூடிவிட்டது.

கோத்தா பாருவில் இறங்கி வேனில் இங்கே வந்து சேரும்போது மணி இரண்டு. மீனம்மா பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவமாகிவிட்டாள். எல்லாரும் போய்த் தொட்டு, பேர் சொல்லி, அழுது முடித்தார்கள். நான் கடைசியில் நின்றேன். பேர் சொல்லவில்லை.

அவள் கையை நீட்டி என் விரல்களைத் தடவினாள். பால்வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்து மரத்துப்போன இடத்தில் நிறுத்தினாள்.

"ஏண்ணே, முப்பத்து மூணு வருஷமா பஸ்ஸே ஓடலயா?"

"ஓடுச்சும்மா. நான்தான் ஏறல. தப்பு என் பேர்லதான்" என்றேன். அவள் கையை விடவில்லை. பொண்ணு மாப்பிள்ளையைக்கூட அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆசீர்வாதம் செய்தாள்.

10 ஜூன், திங்கள்

விமானம் போய்விட்டது. நான் போகவில்லை.

14 ஜூன், வெள்ளி

மீனம்மாவுக்குப் பழைய லயம் வேண்டும். கண்ணில் இப்போது எதுவும் தெரியாததால் பழசு இன்னும் துலக்கமாக வேண்டுமாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு வீடு நான் சொல்ல வேண்டும். யார் இருந்தார்கள், எத்தனை பிள்ளை, வாசலில் என்ன செடி, எந்த வீட்டு நாய் கடிக்கும். என் ஞாபகத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் சண்டை போடுகிறாள். பத்தாவது வீட்டு வாசலில் இருந்தது ரம்புத்தான் மரம் இல்லை, ஜம்பு மரம் என்று இன்றைக்கு ஒரு மணி நேரம். கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். ஜம்பு என்றே இருக்கட்டும்.

சாயங்காலம் கணேஸ்வரன் டெலிபோன் செய்தான். என்னை அழைத்துப் போகக் கார் எப்போது அனுப்புவது என்று கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன் மீனம்மா டெலிபோனை வாங்கிக்கொண்டாள்.

"பத்து வீடுதான்டா ஆகியிருக்கு. இன்னும் பதினாலு வீடு கெடக்கு."

"என்ன வீடு அத்தே?" என்று அவன் அங்கே கத்துவது எனக்கும் கேட்டது. அவள் டெலிபோனை வைத்துவிட்டாள்.