பட்டாணியின் இடது கண்

12 பிப்ரவரி 2011
சலவைக் கடையில் இன்று நீராவி இஸ்திரிப்பெட்டி பாதியில் படுத்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே தொண்டை வற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால், எதிரே தரையில் பட்டாணி படம் வரைந்துகொண்டிருந்தாள். தாளைக் குனிந்து பார்க்கும்போது அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாக ஓடியது. நிமிர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் கண் மயங்குகிறதோ என்று நினைத்தேன். மறுபடி குனிந்தாள். மறுபடி ஓடியது.

அண்ணியிடம் சொன்னேன். “அவ அம்மா போனப்ப புள்ள அழுத அழுகை உனக்கென்ன தெரியும்? அதுல வந்தது. தானாப் போயிடும்” என்றார்.

எனக்குத் தெரியாதுதான். இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக நான் வந்தே எட்டு மாதம்தான் ஆகிறது. பட்டாணிக்கு நாலு வயது. அவளைப் பெற்றவள் இறந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருடைய அக்காதான், அதாவது என் அண்ணிதான், இங்கேயே தங்கி வளர்க்கிறார். பட்டாணி என்னை இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் “இங்க பாருங்க” என்பாள். அவ்வளவுதான்.

14 பிப்ரவரி
அவரிடம் சொன்னேன். “தூக்கம் வந்தா அப்படித்தான் இருக்கும்” என்றார். காலையிலேயே தூக்கம் வருமா?

3 மார்ச்
லீவு போட்டுவிட்டு நானே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே அழுதாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. “இவளுக்குத் தூரப்பார்வை. நிறையவே இருக்கு. எதையும் தெளிவாப் பாக்கணும்னா இவ கண்ணு ரொம்ப முக்கணும். அந்த முக்கல்ல ஒரு கண்ணு உள்ள இழுத்துக்குது” என்றார்.

“அழுததாலயா?”

“அழுதா கண்ணீர்தாம்மா வரும். கண்ணாடி போட்டா முக்க வேண்டியதில்ல. முக்கலேன்னா கண்ணு நேரா நிக்கும். குளிக்கறப்ப, தூங்கறப்ப தவிர எப்பவும் போட்டிருக்கணும். எப்பவும்.”

19 மார்ச்
கண்ணாடி வந்துவிட்டது. சிவப்பு ஃப்ரேம், பின்னால் ரப்பர் பட்டை. போட்டுவிட்டதும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க ஓட்டை இருக்கு” என்றாள். ஆணி அடித்த ஓட்டை. பிறகு என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தாள். இரண்டு கண்ணும் நேராக என் மேல் நின்றன. “உங்க மூக்குல மச்சம் இருக்கு!”

இருக்கிறது. முப்பத்தாறு வருடமாக இருக்கிறது.

அண்ணிதான் வாயில் கை வைத்துக்கொண்டார். “நாலு வயசுல சோடாபுட்டியா! இத நாளைக்கு எவன் கட்டுவான்?”

7 ஏப்ரல்
சாயங்காலம் வந்ததும் வராததுமாக அண்ணி பட்டாணியை இழுத்து என் முன்னால் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் உடனே மூக்கோரம் போய் ஒட்டிக்கொண்டது.

“பாரு. முன்னயெல்லாம் எப்பவாவதுதான் போகும். இப்ப கழட்டின நிமிஷமே போகுது. நீ மாட்டின கண்ணாடிதான் புள்ள கண்ணக் கெடுத்துச்சு.”

பொய் இல்லையே. நானும்தான் பார்த்தேன். நான்தான் கெடுத்தேனா?

9 ஏப்ரல்
டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். “எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. கண்ணாடியில சுகமா இருந்து பழகின கண்ணு, கழட்டினதும் உடனே முக்குது. கண்ணாடி புதுசா எதையும் கொண்டு வரலம்மா. பயந்துபோய்க் கழட்டி மட்டும் வச்சிடாதீங்க.”

அப்படியே வீட்டில் ஒப்பித்தேன். “அவங்களுக்கு என்ன, நாலு கண்ணாடி வித்தாச் சரி” என்றார் அண்ணி. வீட்டுக்காரர் தட்டைவிட்டு நிமிரவே இல்லை.

21 ஜூன்
சாயங்காலம் நான் வரும்போது கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை பகல் முழுக்கப் போட்டிருந்த கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம்கூட இருக்காதா?

24 ஜூன்
கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வந்தேன். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், துணிக்குள். பட்டாணி படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூக்கோடு ஒட்டிக்கொண்டு—

கத்திவிட்டேன். அண்ணி அதைவிடக் கத்தினார். “நீ பெத்திருந்தா இந்த மூஞ்சில அதை மாட்ட மனசு வருமா? அவ அம்மா மாதிரியே லட்சணமா இருக்கான்னு உனக்கு ஆகல!”

என்ன பேச்சு இது. என்ன பேச்சு. நான் அந்தம்மா போட்டோவத் துடைச்சு மாட்டினவ. எனக்கா ஆகல?

அவர் வந்து பஞ்சாயத்து பண்ணினார். “வீட்ல இருக்கறப்ப நீ போட்டு விடு. பகல்ல அக்கா பாத்துக்கட்டும். இதுக்குப்போய் ஏன் சண்டை?” லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, ஆளுக்கு ஒரு மாடி என்று பிள்ளையின் கண்ணைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

2 ஜூலை
வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். “நான் செத்துட்டேனா என்ன?” என்றார் அண்ணி. அவரும், “அக்கா மனசு சங்கடப்படும்” என்றார். பட்டாணியைக் கேட்டால் அண்ணியின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள்.

16 பிப்ரவரி 2012
கண்ணாடி போட்டிருக்கும்போதும் இப்போது கண் உள்ளே போகிறது.

20 பிப்ரவரி
இந்த முறை அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பட்டாணியின் வலது கண்ணை மூடிவிட்டு எதிரே படம் காட்டினார். பூனை, வீடு, மரம். பட்டாணி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கையை நீட்டித் துழாவினாள். படம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள்! வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“ரெண்டு கண்ணும் ரெண்டு எடம் பாத்தா மூளை குழம்பிப் போயிடும். அதனால ஒண்ணோட பேச்சக் கேக்கறத நிறுத்திடும். இவளுக்கு இடது கண்ணு இப்ப அப்படித்தான் ஆயிருக்கு” என்றார் டாக்டரம்மா. “நல்ல கண்ணை தினமும் கொஞ்ச நேரம் ஒட்டி மூடுங்க. இன்னும் வயசிருக்கு. ஆனா விடாமச் செய்யணும். கண்ணாடி ஒழுங்காப் போட்டாளா?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது, “அக்காகிட்ட நான் பேசறேன்” என்றார்.

27 பிப்ரவரி
பேசவில்லை.

11 மார்ச்
ஒட்டுப்போடுவது என் வேலை என்று ஆகிவிட்டது. ஒட்டியதும் அவளுக்கு உலகமே மூடிக்கொள்கிறது போல. கதவு நிலையில் முட்டிக்கொள்கிறாள். இன்று பிடித்து உட்கார வைத்தபோது மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். ரத்தம் கட்டியிருக்கிறது. “நீங்க வந்ததுக்கு அப்புறந்தான் என் கண்ணு போச்சு!”

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நான் கடைக்குப் போனதும் ஒட்டு குப்பைக்குப் போய்விடுகிறது. கூடையில் பார்த்தேன்.

8 நவம்பர்
கண்ணை நேராக்க டாக்டரம்மா சொன்ன ஆபரேஷன் முடிந்தது. கண் சிவந்திருக்கிறது. நேராக இருக்கிறது.

25 நவம்பர்
வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி பட்டாணியின் முகவாயைத் தூக்கிக் காட்டுகிறார். “ஆபரேஷன் பண்ணதும் எப்படி அச்சு மாதிரி நிக்குது பாருங்க. இத முன்னாடியே பண்ணியிருந்தா அந்தக் கண்ணாடிக் கண்றாவியே வேண்டாம்.” கண்ணாடியை இன்னும் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பார்வை திரும்பவில்லை, இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பது இனிமேல் சந்தேகம்தான் என்று டாக்டரம்மா சொன்னபோதும் இவர்கள் அங்கேதானே நின்றார்கள்?

மத்தியானம் பட்டாணி தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறேன் என்றாள். டம்ளருக்கு விரற்கடை தள்ளி மேசையில் ஊற்றினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் துணி எடுத்து வந்து துடைத்தேன்.

5 ஜனவரி 2013
அண்ணி தன் வீட்டுக்கே போகிறார், பட்டாணியையும் கூட்டிக்கொண்டு. அங்கே பள்ளிக்கூடம் பக்கமாம். என் சலவைக் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்தப் பள்ளிக்கூடம். ஆனால் என்னிடம் விட்டால் பிள்ளை பயப்படுகிறதாம். அவர் சரி என்றுவிட்டார். என்னிடம் சொன்னார், கேட்கவில்லை.

பையை நான் அடுக்கினேன். கண்ணாடியை உறையில் போட்டு மேலாக வைத்தேன், கை விட்டதும் தட்டுப்படும்படி.

6 ஜனவரி
வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். சீ.

15 ஜூன் 2014
ஞாயிற்றுக்கிழமை. பட்டாணியை அண்ணி கூட்டி வந்தார். வளர்ந்துவிட்டாள். கண்ணாடி இல்லை. ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் இருந்து கவனித்தேன். இடது கண் மெதுவாகக் காதுப் பக்கம் நகர்ந்தது. முன்பு உள்ளே போன கண் இப்போது வெளியே போகிறது. கூப்பிட்டதும் திரும்பினாள், கண்ணும் வந்து சேர்ந்துகொண்டது.

அவர்கள் போன பிறகு அவரிடம் சொன்னேன். “விடேன். பாக்க நல்லாத்தானே இருக்கா” என்றார். குரலில் தெம்பு இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

9 அக்டோபர்
எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். சட்டைகளுக்கு அடையாளத் துண்டு குத்திக்கொண்டிருந்தேன். கடை வாசலில் பட்டாணி, யூனிபார்மோடு, தனியாக.

“இங்க பாருங்க” என்றாள். “தலை வலிக்குது. புக்குல எழுத்தெல்லாம் கலங்குது. நல்ல கண்ணுலயும்.”

“அத்தைகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். கண்ணாடின்னு மட்டும் வாயத் திறக்காதங்கறாங்க.” என் மணிக்கட்டைப் பார்த்தாள். “அன்னைக்குக் கடிச்சேன்ல, வலிச்சுதா?”

“வலிச்சுது” என்றேன்.

அவருக்குப் போன் போட்டேன். எங்கோ லிஃப்ட் கிணற்றுக்குள் இருந்தார் போலிருக்கிறது, குரல் எதிரொலித்தது. விஷயத்தைச் சொன்னேன். “கூட்டிட்டுப் போ. அக்காகிட்ட நான் போய்ச் சொல்றேன். இப்பவே போறேன்” என்றார்.

போனார். பிறகு அங்கிருந்து அவர் போன் போட்டபோது, பின்னால் அண்ணி அழுதது எனக்கே கேட்டது.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணுக்கு உடனே கண்ணாடி வேண்டும், போட்டால் தெளிந்துவிடும். இடது கண்? “இனி பெருசா ஏறாதும்மா. இருக்கற ஒரு கண்ணைப் பத்திரமாப் பாத்துக்கணும்.” பட்டாணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. எனக்குத்தான் புடவைத் தலைப்பு தேவைப்பட்டது.

இதற்கெல்லாம் முன்னால், உள்ளே விடுவதற்கு முன், சீட்டுப் போடும் பெண் கேட்டாள்: “நீங்க இவளுக்கு என்ன வேணும்?”

எதைச் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். பட்டாணி மேசை விளிம்பில் முகவாயை வைத்து எட்டிப் பார்த்தாள்.

“இவங்கதான் என்னை எப்பவும் கூட்டிட்டு வர்றவங்க” என்றாள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, உள்ளே போகச் சொன்னாள்.