கென்னும் ரோயும் பிடித்த சண்டை

சிட்னி, மே 2012

அன்புள்ள அத்தான்,

உங்கள் இருமல் குறைந்ததா? மாமி சுகமா? நான் நலம்தான்.

ரக்பியில் குயின்ஸ்லாந்து எங்கள் மாநிலத்தைத் தோற்கடித்துவிட்டது. குயின்ஸ்லாந்து ஆட்டக்காரரின் பந்து கைநழுவியதா இல்லையா என்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இன்னும் சண்டை. அங்கே இருக்கும் கிழவர்களில் கென் சிட்னிக்காரர், ரோய் குயின்ஸ்லாந்துக்காரர்.

"நீயும் பாத்தனிதானே, சொல்லு," என்று கென் கேட்டார்.

"நழுவேல்லை," என்றேன்.

நான் நீட்டிய சூப்பைத் தள்ளிவிட்டார். "அங்கால கொண்டுபோ. வெளிநாட்டில இருந்து வந்தவளுக்கு எங்கட ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?"

மேலாளர் என்னைத்தான் ஏசினார். மறுநாளும் கென் சாப்பிடவில்லை. வேறு வழியில்லாமல், "நடுவருக்குக் கண் தெரியாது," என்று சொன்னேன். கோப்பை காலியாகிவிட்டது. அதைக் கேட்ட ரோய், நான் கொடுத்த மாத்திரைக்கு வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் இங்கே யாரோடு சண்டை பிடிப்பது? ஆங்கிலத்தில் எனக்குக் கோபம்கூடச் சரியாக வருவதில்லை.

வறுத்த மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிறு போன் எடுக்கும்போது எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லாமல், என்னோடு ஒருமுறையாவது சண்டை பிடியுங்கள்.

பஸ் வருகிறது.

உங்கள்
கஜந்தி