ஆணியைச் சுற்றிப் பழைய நீலம்

12-6-1996

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தை என்னை மூன்று வேளையும் திட்டுமளவுக்கு அவளும் நலம்.

லாண்டரிக்கே மேனேஜர் ஆகிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனாலும் கல்லூரியின் கடைசி வருடத்தில் படிப்பைப் போட்டுவிட்டு ஓட்டல் விரிப்புகளை வெளுக்கப் போனாயே, அது நெஞ்சை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இந்த முதலாளி பட்டம் கேட்கவில்லை. நாளைக்கு வருகிறவன் கேட்பான். ஏணி மேலேயே ஆயுசைக் கழித்த பெயிண்டர் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முன்னறைக்கு இந்த முறை பச்சை அடித்தேன். நீ கல்லூரியில் சேர்ந்த அன்று உன் பட்டமளிப்புப் படத்துக்காக அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிப் படத்தின் அளவுக்குப் பழைய நீலத்தை விட்டுவைத்திருக்கிறேன். படம் வந்த பிறகுதான் அங்கே பெயிண்ட். "வர்றவங்க எல்லாம் இங்க ஜன்னல அடைச்சீங்களான்னு கேக்கறாங்க, எனக்கு மானம் போகுது" என்கிறாள் அத்தை. கேட்டுவிட்டுப் போகட்டும்.

போன தடவை நீ வந்தபோது, "பட்டம் வாங்காம இந்த வாசல்ல காலை வெக்காதே" என்று கத்தியது கோபத்தில் வந்தது. லீவுக்கு வந்து சேர்.

அன்புடன்,
அப்பா

2-7-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இங்கே முதலாளியம்மா என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மெஷின் ஏன் முனகுது?" என்னோடு படித்துப் பட்டம் வாங்கிய தோழியைவிட எனக்குச் சம்பளம் அதிகம். இதை எத்தனை தரம் எழுதினாலும் உங்களுக்கு அந்த ஆணிதான் பெரிசு.

இந்த லீவுக்கு வர முடியாது அப்பா. வேலை கழுத்தை நெரிக்கிறது.

அது சரி, எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? கடிதமா, கடைக்கு போர்டு எழுதுகிறீர்களா? அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்

20-8-1998

அன்புள்ள மகளுக்கு,

இந்த வருடமும் நீ வரவில்லை. அன்றைக்கு நான் கத்தியதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாயா? அப்பன் பேச்சில் எதைக் கேட்கக் கூடாதோ அதை மட்டும் கேட்கிறாய்.

போன மாதம் ஒரு வீட்டில் பக்கத்துப் பக்கத்துச் சுவர்கள் இரண்டு நிறமாகிவிட்டன. வீட்டுக்காரர் சத்தம் போட்டார். டப்பா சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் வேலைக்குப் போவதில்லை, ஓய்வுதான்.

படம் கிடக்கட்டும். நீ ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

அப்பா

5-9-1999

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. என் மேல் வருத்தமா? இதோ, உங்கள் வருத்தத்துக்கு மருந்து பார்சலில் வருகிறது.

நான் பட்டம் வாங்கிவிட்டேன் அப்பா. தபால் வழியில் முதலிலிருந்து படித்தேன். மூன்று வருடமும் லீவில் பரீட்சைதான் எழுதினேன். நீங்கள் வா வா என்று எழுதும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். பட்டத்தோடுதான் அந்த வாசலில் கால் வைப்பேன் என்று ஒரு வீம்பு. நான் யாருடைய மகள்?

முதலாளியம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது. ஆறாம் நம்பர் மெஷின் ஓடுதா?" என்றார். சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை, ஏறாது என்று எனக்கும் தெரியும். அந்த நீலத்துக்காகத்தான் படித்தேன்.

அடுத்த மாதம் வருகிறேன். அதற்குள் படத்தை மாட்டிவிட்டு, பார்த்ததும் என்ன தோன்றியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்

18-9-1999

அன்புள்ள மகளுக்கு,

எழுத்து அத்தையுடையது, பேச்சு என்னுடையது. நடுவில் அவள் தன் சரக்கைச் சேர்த்தால் நான் பொறுப்பில்லை.

படம் வந்தது. நானேதான் மாட்டினேன். ஆணி இருக்கும் இடம் கைக்குத் தெரியும். கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்து, இந்த வருடத் தொடக்கத்தில் சுத்தமாகப் போய்விட்டது. அந்த வீட்டுச் சுவர் விஷயத்தில் டப்பாவின் மேல் தப்பில்லை. எழுதினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று மறைத்தேன். லீவில் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

படத்தின் கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று அத்தையைக் கேட்டேன். "கருப்பு அங்கி போட்டிருக்கா. கன்னம் ஒட்டிப் போச்சு. சிரிக்கறா" என்றாள். அதற்கு மேல் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியாகப் பார்த்த உன் முகம் எனக்கு நினைவிருக்கிறது. நான் கத்தியபோது இருந்த முகம். அந்த முகத்துக்குத்தான் மனசுக்குள் அங்கி மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெருவில் ஒருவர் விடாமல் அத்தை சொல்லிவிட்டாள். ஆனால் அந்த மூன்று லீவுகளை இனி யாரிடம் போய்க் கேட்பது? பட்டம் கேட்டவன் நான்தானே.

படம் நான் விட்டுவைத்த இடத்தைவிடச் சின்னதாம். நாலு பக்கமும் நீலம் தெரிகிறதாம். ஆள் வைத்து அடித்துவிடலாமா என்று அத்தை கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அடுத்த மாதம் வா. வரும்போது தெருமுனையிலிருந்தே குரல் கொடு.

அப்பா