காவலாளியிடம் விட்டுவந்த அழைப்பிதழ்

அக்கா,

இன்று காலை வேலைக்குப் புறப்பட்டபோது எங்கள் தொடர்மாடியின் காவலாளி ஒரு கலியாண அழைப்பிதழை நீட்டினார். நேற்று யாரோ வந்து, நாங்கள் இல்லையென்று அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். உறையின் மூலைகளில் மஞ்சள் பூசியிருந்தது. கையில் வாங்கியதுமே என் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு தரம் வந்திருக்கலாமே, ஒரு டெலிபோன் கோலாவது எடுத்திருக்கலாமே என்று மனம் குற்றம் தேடத் தொடங்கியது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உங்கள் நினைவு வந்தது. ஆறுதலாக வரவில்லை, எரிச்சலாகத்தான் வந்தது.

வெள்ளவத்தையில் பத்து வருடம், நான்காம் மாடியில் எதிரெதிர்க் கதவுகள். என் மகள் உங்கள் குசினியில் புட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவள். முதல் நடன வகுப்புக்கு அவளுக்குத் தலை பின்னி அனுப்பியதும் நீங்கள்தான். "இவள் அரங்கேறுற அண்டைக்கு முன்வரிசையில ஒரு கதிரை எனக்கு. உம்மட மாமியாரைப் பின்னால இருத்தும்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

நாங்கள் கொட்டாஞ்சேனைக்குக் குடிபோன பிறகு அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தோம். முதல் அழைப்பிதழில் எழுதியது உங்கள் பெயரை. புருசனும் பெண்சாதியுமாகப் போய்ச் சொல்வதுதான் முறை. உடுப்பு, பக்கவாத்தியம், மண்டபம் என்று நான் அலைந்துகொண்டிருந்ததால் இவரைத் தனியே அனுப்பினேன். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறி மணி அடித்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. இறங்கி வந்து காவலாளியிடம் கொடுத்துவிட்டார். "பிறகு ஒருக்கா ரெண்டு பேருமாப் போவம்" என்றேன். போகவில்லை.

நீங்களும் வரவில்லை. முன்வரிசைக் கதிரையில் அன்று மாலை முழுக்க என் கைப்பைதான் இருந்தது.

அடுத்த கிழமை, நம் இருவருக்கும் சட்டை தைக்கிற அம்மா அளவெடுத்துக்கொண்டே சொன்னார்: "வாச்சரிட்டக் குடுத்த கார்ட்டுக்கு ஆர் போறது எண்டு அக்கா கேட்டவ."

"நாலு மாடி ஏறிப் போன மனுசன் கதவை உடைக்கிறதோ? அவவுக்குப் பெருமை கூடிப்போச்சு எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

உங்கள் சட்டையோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து தந்திருப்பார். மகளிடமும் நான் அதையேதான் சொன்னேன். எங்கள் பிழைக்கு எத்தனை காரணங்கள் வைத்திருந்தேன்: வேலை, லிஃப்ட், நேரமின்மை. நீங்கள் வராததற்கு ஒரே காரணம்தான் வைத்திருந்தேன், உங்கள் குணம்.

எட்டு மாதம் பேச்சில்லாமலே போனது. ஒரு சனிக்கிழமை உங்கள் கட்டடத்துக்குள் வந்தேன். லிஃப்டின் கதவு திறந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஏற்கெனவே வந்தாயிற்று, இனி அவவின் முறை என்று தோன்றியது. உள்ளே ஏறாமல், கதவு மூடும்வரை நின்றுவிட்டு, சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வந்தது உங்கள் மரணச் செய்தி. உங்கள் உடலை வைத்திருந்த பொரளை மலர்ச்சாலையில் உங்கள் தங்கச்சி என்னை ஓரமாகக் கூட்டிப்போனா. "கார்ட் வந்த அண்டைக்கு அக்கா ஆஸ்பத்திரியில. புற்றுநோய் எண்டு அப்பதான் சொன்னவங்கள். அரங்கேற்றம் வரேக்க மருந்து ஏத்தித் தலைமயிர் எல்லாம் கொட்டிப்போட்டுது. அந்தக் கார்ட்டை வராததுக்குச் சாட்டாப் பிடிச்சிட்டா. 'கோபம் எண்டு நினைக்கட்டும், பாவம் எண்டு வந்து நிக்க வேண்டாம்' எண்டவ."

எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியில் கிடந்த உங்களைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. பிழை எங்களுடையதுதான். அதை எடுத்து உங்கள் நோய்க்குத் திரை கட்டியது நீங்கள். வீம்புக்காரி என்ற பெயரைத் தாங்க முடிந்த உங்களுக்கு என் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லையா? ஆம், பரிதாபப்பட்டிருப்பேன். உங்கள் முன்னாலேயே அழுது தொலைத்திருப்பேன். பிறகு குசினிக்குள் போய் ஒரு ரசம் வைத்திருப்பேன். அவ்வளவுதானே?

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்ரிக்குப் பெருமை எண்டு சொன்னது பிழை" என்றும் சொன்னேன்.

"அப்ப நீங்க ஏனம்மா ஒருக்காலும் போய்ப் பாக்கேல்ல?"

"போனனான். அவ வீட்டில இல்ல."

எவ்வளவு லேசாக அது வாயில் வந்தது. நீங்கள் மேலே இருந்தீர்களா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் "ம்" என்றாள். நம்பினாளோ தெரியாது. திருத்திச் சொல்ல இன்றுவரை வாய் எழவில்லை. அவள் கண்ணில் நான் சிறுத்துப்போவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதனால்தான், அக்கா, உங்களோடு கோபிக்கவும் என்னால் முழுதாக முடியவில்லை.