இடது கைக்குத் துணி போதவில்லை

மார்ச் 2

மாஸ்டர் அவர்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். மாதச் சம்பளம், வேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் என் வாய் கிடையாது. வேறென்ன வேண்டும்?

போன் செய்யாமல் பெண்டாட்டி ஏன் எழுதுகிறாள் என்று யோசிக்காதீர்கள். போனில் பேசினால் நான் கத்திவிடுகிறேன், நீங்கள் டக்கென்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

விஷயம் நீங்கள் வெட்டி மிச்சம் பிடித்துச் சேர்த்த துணி மூட்டைகள்தான். பின்னறையைக் காலி செய்து இன்னொரு தையல் மிஷின் போடலாம் என்றேன். "மூட்டை போச்சுன்னா நானும் போறேன்" என்றீர்கள். மூட்டை போகவில்லை, நீங்கள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டீர்கள். ஆறு மூட்டையும் உட்கார்ந்துகொண்டு என்னை முறைக்கின்றன.

கடையில் வெட்ட ஆள் இல்லை. வருகிற துணியைத் திருப்பி அனுப்பி அனுப்பி எனக்கு வாய் வலிக்கிறது. மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்தாலும் கால் தானாக மிதிக்கிறது. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை, கடைக்குப் போனால் நிற்க முடியவில்லை. ஒரு கட்டர் வேலைக்கு வருகிறேன் என்கிறார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவருக்குக் கட்டிங் மேசையைக் கொடுக்க வேண்டும். நீங்கள் வருவீர்களா, மாட்டீர்களா? ஒரே வார்த்தை எழுதுங்கள். வரவில்லையென்றால் மேசை அவருக்கு, மூட்டை நெருப்புக்கு.

மிஷின்காரி

—

மார்ச் 9

அன்புள்ள மிஷின்காரிக்கு,

கொளுத்தித் தொலைக்காதே. பாதி நைலான் கலந்த துணி, புகை தெருவையே துரத்தும்.

சொல்வதைக் கேள். விரல் அகலத்துக்குத் தேறுவதை நாடாவாகக் கிழித்துப் பின்னினால் கால்மிதி ஆகும். அதைவிடச் சின்னதைப் பொடியாக நறுக்கித் தலையணைக்குள் அடைக்கலாம். கெட்டித் துணியை நாலாக மடித்துத் தைத்தால் சூட்டுப் பாத்திரம் பிடிக்க ஆகும். பெரிய துண்டுகளைச் சதுரமாக்குகிறேன் என்று வெட்டாதே, இருக்கிற வடிவத்திலேயே கோணலும் மாணலுமாக இணைத்துக்கொண்டே போ, படுக்கை விரிப்பாகிவிடும். பின்னறையில் சன்னலுக்குக் கீழே இருக்கிற மூட்டையை மட்டும் தொடாதே.

இந்தக் கம்பெனியில் எனக்குக் கத்தரிக்கோலே கிடையாது. நூறு மடிப்புத் துணியை மிஷின் ஒரே மூச்சில் வெட்டுகிறது, நான் பக்கத்தில் நின்று பொத்தானை அமுக்குகிறேன். மிச்சத்தையெல்லாம் பெருக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. நேற்று ஒரு கை அள்ளினேன். "பெரியவரே, குப்பையை எதுக்குப் பாக்கெட்ல போடுறீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்கிறான். தூக்கத்தில் என் வலது கை வெட்டிக்கொண்டே இருக்கிறதாம். அறையில் கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

வருவதைப் பற்றி என்ன எழுத? யோசிக்கிறேன்.

மாஸ்டர்

—

மார்ச் 17

மாஸ்டர் அவர்களுக்கு,

ஒரு வார்த்தை கேட்டேன். கால்மிதி செய்யச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

செய்தேன், வேறு வேலை? கால்மிதி பின்னினேன், தெருவில் வாசலுக்கு வாசல் கிடக்கிறது. தலையணை அடைத்தேன், கல் மாதிரி இருக்கிறது. அதில் படுத்த நம் பக்கத்துக் கடைக்காரர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புகிறார். சட்டைப் பொத்தான்களுக்குத் துணி உறை போட்டேன். கையில் வேலை இருக்கிறவரை சரி. முடிந்த நிமிஷமே எழுந்து வாசலைப் பார்க்கிறேன். யாரை என்று கேட்காதீர்கள்.

தொடாதே என்றீர்களே, சன்னல் மூட்டை? அதைத்தான் முதலில் பிரித்தேன். தொடாதே என்றால் தொடாமல் இருக்க என்னை நீங்கள் இன்றைக்கா பார்க்கிறீர்கள்? உள்ளே விதவிதமாக நீலத் துணி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விரிப்பு இணைத்தேன். மாடி வீட்டு நர்ஸ் பார்த்ததும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கட்டர் நேற்றும் வந்தார். மேசையைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்க்கா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் தேதிக்கு அதிக நாள் இல்லை.

மிஷின்காரி

—

மார்ச் 20

மாஸ்டர்,

உங்கள் பதில் வரும்வரை பொறுக்க முடியாது.

விரிப்பில் ஓர் ஓரம் பிரிந்துவிட்டது என்று நர்ஸ் கூப்பிட்டாள். ஊசியோடு போனேன். கட்டிலில் விரித்திருந்ததைத் தள்ளி நின்று அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். நடுவில் ஒரு முன்பக்கம், தலைமாட்டில் இன்னொரு முன்பக்கம், காலடியில் முதுகு, ஓரத்தில் ஒரு வலது கை. எல்லாம் ஒரே கருநீலம். மிச்சத் துணி இல்லை அது, வெட்டி முடித்த மேல்சட்டை.

எப்படி நடந்தது தெரியுமா? மூட்டைக்குள் ஓரத்துணியால் கட்டிய ஒரு சின்னக் கட்டு இருந்தது. நீங்கள் வெட்டிக் கட்டிப் போடுவீர்கள், நான் அவிழ்த்துத் தைப்பேன். இத்தனை வருஷப் பழக்கம், கை பாட்டுக்கு அவிழ்த்துவிட்டது. கண் பார்க்கவே இல்லை.

அந்த முன்பக்கங்களில் வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. மிஷின் மேல் சாய்ந்து சாய்ந்து தோள் இறங்கிப்போனவள் இந்தக் கடையில் ஒருத்திதான். ஊருக்கெல்லாம் வெட்டுகிறீர்கள், எனக்கு ஒன்று வெட்டியதுண்டா என்று வருஷக்கணக்காகக் கேட்டேனே, வாயைத் திறந்தீர்களா?

யாருக்கு வெட்டியது? உங்கள் கையால் எழுதுங்கள்.

நான்

—

மார்ச் 25

மிஷின்காரிக்கு,

உனக்குத்தான். வேறு யாருக்கு?

அளவெடுக்கவில்லை. உன் அளவு எனக்குத் தெரியாதா? ஆனால் கணக்கு தப்பிவிட்டது, இடது கைக்குத் துணி போதவில்லை. முப்பது வருஷம் கத்தரி பிடித்தவன் பெண்டாட்டி சட்டைக்குத் துணி பற்றாமல் வெட்டினேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அந்தக் கருநீலம் முன்பு நம்மிடம் தைக்க வந்த துணிதான். மூட்டைகளில் எங்காவது ஒரு கைக்குத் தேறும் என்று நீ இல்லாதபோதெல்லாம் தேடினேன். நீலமாகக் கிடைத்ததையெல்லாம் சன்னல் மூட்டையில் சேர்த்தேன். அந்த வாரம் பார்த்து நீ, "இன்னைக்கே எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போடுறேன்" என்று நின்றாய். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வெட்டிய சட்டையைக் கட்டி மூட்டைக்குள் திணித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

போகட்டும். கட்டரை வைத்துக்கொள். மேசை சும்மா கிடந்தால் கடை நடக்காது. இங்கே என்னை நிரந்தரமாக்குகிறோம் என்கிறார்கள். நர்ஸ் நன்றாகப் போர்த்திக்கொள்ளட்டும்.

மாஸ்டர்

—

ஏப்ரல் 2

மாஸ்டர் அவர்களுக்கு,

நர்ஸ் போர்த்திக்கொள்ளவா என் சட்டை? மாடிப்படி ஏறிப்போய்க் கேட்டேன். "வித்த பொருளைத் திருப்பிக் கேக்குறீங்களே, நல்லா இருக்கே கதை!" என்றாள். வேறு ரெண்டு விரிப்பு தைத்துத் தருகிறேன் என்று சத்தியம் பண்ணி வாங்கிவந்தேன். உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க அழுகை வந்தது, திட்டவும் திட்டினேன். சின்ன விஷயம், வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நாலு நாள் சிரித்திருப்போம்.

நேற்று அந்தக் கட்டர் வேலைக்கு வந்தார். சரி, இடது கையை வெட்டித் தரட்டும் என்று டேப்போடு முன்னால் நின்றேன்.

"அக்கா, நேரா நில்லுங்க. வலது தோள் இறங்குது."

"அது இறங்கித்தான் இருக்கும்."

"அப்படியே விட்டா நல்லாருக்காதுக்கா. உள்ள கொஞ்சம் பஞ்சு வச்சு நிமித்திடலாம்."

என் தோளை நிமிர்த்த அவர் யார்? பிஸ்கட்டும் டீயும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சட்டையின் வலது கையைத் துணி மேல் புரட்டிப் போட்டு, ஓரமாகக் கோடு இழுத்து நானே இடது கையை வெட்டினேன். விரிப்பைப் பிரித்ததில் மிஞ்சிய ஏழெட்டு நீலத்தையும் ஒட்டுப்போட்டுத்தான் ஒரு கை தேறியது. இப்போது போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தோள் அவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்கிறது. இடது கை மட்டும் அக்குளில் பிடிக்கிறது, பேனாவை மாற்றக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. வெட்டியவள் கட்டர் இல்லையே.

மூட்டை ஆறும் காலி. பின்னறை காலி, மேசையும் காலி. இனி சண்டை போட வீட்டில் ஒரு பொருள் இல்லை. இருப்புக் கொள்ளவில்லை எனக்கு. வந்து இந்தக் கையைப் பாருங்கள். கெஞ்சுகிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மிஷின்காரி

—

ஏப்ரல் 7

அன்புள்ள என் மிஷின்காரிக்கு,

அக்குளில் பிடிக்கிறதென்றால் குழிவு போதவில்லை. பிரிக்காதே, இழுக்காதே, கழற்றி மேசை மேல் வை. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு ஒரு ஆட்டோ கொண்டு வா. பெரிய ஆட்டோவாகப் பார். லாரியில் ஏற்றவிருந்ததைக் கேட்டு வாங்கினேன், என்னோடு நாலு மூட்டை வருகிறது. எல்லாம் நல்ல துணி.

ஸ்டேஷனில் வைத்துக் கத்தாதே. வீட்டுக்கு வந்து கத்து.

மாஸ்டர்